யூனிக்ஸ் சர்வரில் கடவுச்சொல் விதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வர் நிர்வாகம் புதிதாகக் கைக்கு வந்தவர்கள் கேட்கும் கேள்விகளில் கடவுச்சொல் பற்றியவை எப்போதும் இருக்கும். கேள்வி வேறு வேறாக இருந்தாலும் குழப்பத்தின் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு விதியைக் கோப்பில் எழுதிவிட்டால் அது அந்த நொடியே எல்லோர் மீதும் பாய்ந்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம். யூனிக்ஸில் அப்படி இல்லை. சில விதிகள் கணக்கைத் தொடங்கும்போது மட்டும் படிக்கப்படும். சில, கடவுச்சொல்லை மாற்றும்போது மட்டும். மற்றவை ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும். இந்த மூன்று வேளைகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

பதில்கள் பெரும்பாலும் லினக்ஸை வைத்து எழுதப்பட்டவை. மற்ற யூனிக்ஸ்களுக்குத் தனிக் கேள்வி பின்னால் வருகிறது. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு முக்கியமான இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

கடவுச்சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது?

கடவுச்சொல் எங்கேயும் இல்லை. அதை ஒருவழிக் கணக்கில் போட்டு அரைத்தெடுத்த ஹாஷ் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் உள்ளே நுழையும்போது அடிப்பதை மறுபடி அதே கணக்கில் போட்டு, இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் மறந்துபோன கடவுச்சொல்லை எந்த நிர்வாகியாலும் எடுத்துத் தர முடிவதில்லை. புதிதாக ஒன்று வைத்துத் தரத்தான் முடியும்.

ஆரம்ப காலத்தில் இந்த ஹாஷ், அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி அடைவில் உள்ள பாஸ்வேர்ட் கோப்பிலேயே இருந்தது. அந்தக் கோப்பை எல்லோரும் படிக்க முடிய வேண்டும், ஏனென்றால் பயனர் எண்ணைப் பெயராக மாற்றிக் காட்டுவதற்கு சாதாரண கட்டளைகளுக்குக்கூட அது தேவை. எல்லோரும் படிக்கலாம் என்றால் எல்லோரும் எடுத்துக்கொண்டுபோய் நிதானமாக உடைக்கவும் செய்யலாம். ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை இதைப் பற்றியதுதான். பயனர்களிடமிருந்து திரட்டிய 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தபோது 86 சதவீதம் மிகக் குட்டையானவையாகவோ, அகராதியிலோ பெயர்ப் பட்டியலிலோ இருப்பவையாகவோ இருந்தன. ஒரே எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்தவர்களும் அதில் உண்டு. ஹாஷோடு சேர்த்துக் கலக்கும் ‘உப்பு’ என்ற யோசனையும் அந்தக் கட்டுரையில்தான் விளக்கப்பட்டது. ஒரே கடவுச்சொல்லை இரண்டு பேர் வைத்தாலும் ஹாஷ் வேறாக வரும்படி செய்வது அந்த உப்புதான்.

அதன் பிறகு ஹாஷை முழு அதிகாரமும் உள்ள ‘ரூட்’ கணக்கு மட்டும் படிக்கக்கூடிய ஷேடோ கோப்புக்கு மாற்றினார்கள். இன்றும் பாஸ்வேர்ட் கோப்பில் ஹாஷ் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எக்ஸ் மட்டும் நிற்கும். ‘ஷேடோவில் போய்ப் பார்’ என்பது அதன் பொருள்.

ஷேடோ கோப்பின் ஒரு வரியில் வரிசையாக எண்கள் இருக்கின்றனவே, அவை என்ன?

முக்காற்புள்ளி, அதாவது இரண்டு புள்ளிகள் மேலும் கீழும் இருக்குமே, அந்தக் குறியால் பிரிக்கப்பட்ட 9 புலங்கள் அவை. முதலில் பயனர் பெயர், அடுத்து ஹாஷ். மூன்றாவது, கடவுச்சொல் கடைசியாக மாறிய நாள். இது 1970 ஜனவரி 1 முதல் எத்தனையாவது நாள் என்ற எண்ணிக்கை. 20000 என்று இருந்தால் 2024 அக்டோபர் 4. நான்காவது, மறுபடி மாற்றுவதற்குக் காத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச நாட்கள். ஐந்தாவது, அதிகபட்ச ஆயுள். ஆறாவது, எத்தனை நாள் முன்னதாக எச்சரிக்க வேண்டும். ஏழாவது, ஆயுள் முடிந்த பிறகும் எத்தனை நாள் ‘வந்து மாற்றிக்கொள்’ என்று பொறுத்திருக்க வேண்டும். எட்டாவது, கணக்கே காலாவதியாகும் நாள். ஒன்பதாவது புலத்தில் ஒன்றும் கிடையாது, எதிர்காலத்துக்கு என்று ஒதுக்கி வைத்தது அப்படியே கிடக்கிறது.

ஏழாவதையும் எட்டாவதையும் பலர் குழப்பிக்கொள்வார்கள். ஏழாவது கடவுச்சொல்லோடு சேர்ந்தது, எட்டாவது கணக்கோடு சேர்ந்தது. மூன்று மாதம் மட்டும் வேலை செய்ய வருபவருக்கு எட்டாவது புலத்தைத்தான் நிரப்ப வேண்டும்.

கையால் கணக்குப் போட வேண்டாம். ‘சேஜ்’ கட்டளையோடு சின்ன எல் ஆப்ஷனும் பயனர் பெயரும் கொடுத்தால் எல்லாவற்றையும் தேதியாகவே காட்டும். தன்னுடையதைப் பார்க்க ரூட் அனுமதிகூடத் தேவையில்லை.

லாகின் டெஃப்ஸ் கோப்பில் அதிகபட்ச ஆயுளை 90 நாள் என்று மாற்றினேன். யாருக்கும் எதுவும் நடக்கவில்லையே?

இதுதான் நான் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி. அந்தக் கோப்பில் உள்ள பாஸ்_மேக்ஸ்_டேஸ், பாஸ்_மின்_டேஸ், பாஸ்_வார்ன்_ஏஜ் மூன்றும் கணக்கு உருவாகும் வேளையில் மட்டும் படிக்கப்படுபவை. ‘யூசர்ஆட்’ கட்டளை அந்த எண்களை எடுத்து ஷேடோ வரியில் நகலெடுத்துவிடும். அதோடு அந்தக் கோப்பின் வேலை முடிந்தது. ஏற்கெனவே இருக்கும் பயனர்களின் வரியில் பழைய எண்களே இருக்கும். கோப்பில் இயல்பாக வரும் மதிப்பு 99999 நாள். அதாவது ஏறக்குறைய 274 ஆண்டுகள். அதைவிட நாகரிகமாக ‘காலாவதியே கிடையாது’ என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இருப்பவர்களுக்கும் பொருந்த வேண்டுமானால் ஒவ்வொருவருக்கும் சேஜ் கட்டளையில் பெரிய எம் ஆப்ஷனோடு 90 கொடுக்க வேண்டும். (சின்ன எம் குறைந்தபட்ச நாட்களுக்கு. அங்கே கை தவறினால் பயனர் 90 நாளுக்குக் கடவுச்சொல்லை மாற்றவே முடியாமல் நிற்பார்.) பயனர் எண் 1000உம் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் வடிகட்டி ஒரு சின்ன ஸ்கிரிப்டில் சுற்றவிடுவது வழக்கம். ஆனால் சுற்றவிடும் முன் மூன்றாவது புலத்தைப் பாருங்கள். இரண்டு வருடமாக மாற்றாதவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கே ஆயுள் முடிந்துவிடும். திங்கட்கிழமை காலையில் இதைச் செய்துவிட்டு, அன்று முழுவதும் தொலைபேசியைக் கீழே வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவன் நான். பத்துப் பத்துப் பேராகப் பிரித்துச் செய்யுங்கள்.

குறைந்தபட்சம் 12 எழுத்து என்று வைத்தும் 8 எழுத்துக் கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்கிறதே?

நீளம், எழுத்து வகை போன்றவற்றைப் பார்ப்பது, உள்ளே நுழைபவரைச் சரிபார்க்கும் பேம் என்ற அடுக்கில் உள்ள பிடபிள்யூகுவாலிட்டி தொகுதி. இது கடவுச்சொல் மாறும் வேளையில் மட்டும் விழித்துக்கொள்ளும். அதன் அமைப்புக் கோப்பில் மின்லென் என்பது எழுத்து எண்ணிக்கை என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் அது மதிப்பெண். எண் இருந்தால் ஒரு மதிப்பெண், பெரிய எழுத்து இருந்தால் ஒன்று, சின்ன எழுத்துக்கு ஒன்று, குறியீட்டுக்கு ஒன்று என்று ‘கிரெடிட்’ சேர்ந்துகொண்டே போகும். நான்கு வகையும் இருந்தால் 4 கிரெடிட். அப்போது 8 எழுத்தே 12 ஆகிவிடும்.

டிகிரெடிட், யூகிரெடிட், எல்கிரெடிட், ஓகிரெடிட் என்ற நான்கு அமைப்புகள் இதைத் தீர்மானிக்கின்றன. பழைய பதிப்புகளில் இவற்றின் இயல்பு மதிப்பு 1, புதியவற்றில் 0. பூச்சியம் என்றால் சலுகை இல்லை, 12 என்றால் 12தான். கழித்தல் எண் கொடுத்தால் பொருளே மாறிவிடும்: டிகிரெடிட் கழித்தல் 1 என்றால் ‘ஓர் எண்ணாவது கட்டாயம் இருக்க வேண்டும்’ என்று ஆகும். ஒரே அமைப்பு, நேர் எண்ணுக்குச் சலுகை, எதிர் எண்ணுக்குக் கட்டாயம். இதை வடிவமைத்தவர் என்ன நினைத்துச் செய்தாரோ தெரியவில்லை, பழகிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

என் விருப்பம்: நான்கையும் 0 ஆக்கிவிட்டு மின்லென்னை மட்டும் உயர்த்துவது. அகராதிச் சோதனை இயல்பாகவே இயங்கும், அதை அணைக்காதீர்கள். பயனர் பெயரையே கடவுச்சொல்லில் வைப்பதைத் தடுக்கும் சோதனையும் அப்படியே.

ரூட் மட்டும் எந்த மோசமான கடவுச்சொல்லையும் வைக்க முடிகிறதே, இது பிழையா?

பிழை இல்லை. ரூட் மாற்றும்போது பிடபிள்யூகுவாலிட்டி முணுமுணுக்கும், ஆனால் தடுக்காது. தடுக்க வேண்டுமானால் என்ஃபோர்ஸ்_ஃபார்_ரூட் என்ற வரியைச் சேர்க்க வேண்டும். இன்னொன்று: ரூட்டிடம் பழைய கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை என்பதால், ‘பழையதிலிருந்து இத்தனை எழுத்தாவது மாறியிருக்க வேண்டும்’ என்ற டிஃபோக் சோதனையை ரூட்டுக்குச் செய்யவே முடியாது. ஒப்பிடுவதற்குக் கையில் ஒன்றும் இல்லையே.

90 நாளுக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றச் சொல்வது நல்லதா?

நான் இல்லை என்பேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மேலாளரிடம் நீங்கள் இதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று நமக்கே தெரியும். கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவார்கள். அடுத்த முறை 3. வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இதைத்தான் அளந்தார்கள். பழைய கணக்குகளின் கடவுச்சொல் வரலாற்றை எடுத்து, முந்தைய கடவுச்சொல் தெரிந்தால் அடுத்ததைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்த்தார்கள். ஹாஷ் கையில் இருந்தால் 41 சதவீதத்தைச் சில நொடிகளில் கண்டுபிடிக்க முடிந்தது. வெறுமனே லாகின் திரையில் ஊகித்தாலும் 17 சதவீதக் கணக்குகள் ஐந்து முயற்சிக்குள் விழுந்தன. ஆக, திருட்டுப்போன கடவுச்சொல்லின் ஆயுளைக் குறைக்கத்தான் 90 நாள் விதி என்றால், அது அந்த வேலையைச் சரியாகச் செய்வதில்லை.

அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017 வழிகாட்டியில் காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2025இல் வந்த நான்காம் திருத்தத்தில் அந்தப் பரிந்துரை கண்டிப்பான தடையாகவே ஆகிவிட்டது. திருட்டுப்போனதற்கான அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லலாம். கடவுச்சொல் ஒன்று மட்டுமே காவல் என்றால் குறைந்தது 15 எழுத்து, இரண்டாவது காவலும் (கைபேசிக்கு வரும் குறியீடு போல) இருந்தால் குறைந்தது 8. பெரிய எழுத்து ஒன்று, குறியீடு ஒன்று என்று கலவை கேட்கக் கூடாது. ஏற்கெனவே கசிந்தவை, எளிதில் ஊகிக்கக்கூடியவை என்று ஒரு தடைப்பட்டியல் வைத்து அதோடு ஒப்பிட வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அட்டைப் பணப் பரிமாற்றத்துக்கான பிசிஐ தரத்தின் நான்காம் பதிப்பில், கடவுச்சொல் மட்டுமே காவலாக இருந்தால் 90 நாளுக்கு ஒருமுறை மாற்றுவது ஒரு வழியாக இன்னும் இருக்கிறது. நீளம் குறைந்தது 12. உங்கள் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட்டது என்றால் வாதாடிப் பயனில்லை, 90 வைத்துவிடுங்கள். அல்லது இரண்டாவது காவலைக் கொண்டுவாருங்கள். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது.

பழைய கடவுச்சொல்லையே திரும்ப வைக்காமல் தடுப்பது எப்படி?

பிடபிள்யூஹிஸ்டரி தொகுதியில் ரிமெம்பர் என்று எண் கொடுக்க வேண்டும். பழைய ஹாஷ்கள் எட்சியின் கீழே செக்யூரிட்டி அடைவில் ஓபாஸ்வேர்ட் என்ற கோப்பில் சேரும். அதற்கும் ஷேடோவுக்கு உள்ள அதே பாதுகாப்பு தேவை என்பதை மறந்துவிடுகிறார்கள், காப்புப்பிரதி எடுக்கும்போது குறிப்பாக.

ரிமெம்பர் 5 வைத்துவிட்டுக் குறைந்தபட்ச நாளை 0 ஆக விட்டால், கெட்டிக்காரப் பயனர் ஐந்து நிமிடத்தில் ஆறு முறை மாற்றி, பழைய இடத்துக்கே வந்துவிடுவார். அதைத் தடுக்கத்தான் நான்காவது புலம். 1 நாள் போதும். ஆனால் குறைந்தபட்சம் அதிகபட்சத்தைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் பயனரால் எந்த நாளிலும் மாற்ற முடியாது.

தவறாக அடித்தால் கணக்கைப் பூட்டும் விதி எங்கே இருக்கிறது? பூட்டியவரை எப்படி விடுவிப்பது?

ஃபெயில்லாக் தொகுதி. இது நுழையும் வேளையைச் சேர்ந்தது, ஆகவே மாற்றியதும் எல்லோருக்கும் பொருந்தும். இயல்பாக 15 நிமிடத்துக்குள் 3 முறை தவறினால் 10 நிமிடம் பூட்டு. கோப்பில் இவை நொடியாக இருக்கும்: 900, 600. முன்பு டாலி2 என்ற தொகுதி இந்த வேலையைச் செய்தது. பழைய குறிப்புகளைப் பார்த்து அதைத் தேடாதீர்கள், புதிய பதிப்புகளில் எடுத்துவிட்டார்கள்.

விடுவிக்க ஃபெயில்லாக் கட்டளையில் யூசர் ஆப்ஷனோடு பெயரும் ரீசெட் ஆப்ஷனும் கொடுங்கள். ரீசெட் இல்லாமல் கொடுத்தால் எந்த முகவரியிலிருந்து எப்போது தவறினார் என்று காட்டும். விடுவிக்கும் முன் அதைப் பார்ப்பது நல்லது. பாதி நேரம் குற்றவாளி மனிதராக இருக்க மாட்டார், பழைய கடவுச்சொல்லை விடாமல் அடித்துக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு ஸ்கிரிப்டாக இருக்கும்.

3 முறை என்பது கொஞ்சம் கறார். பெரிய எழுத்துப் பூட்டு விழுந்திருப்பது தெரியாமலேயே மூன்று முறை அடித்துவிடலாம். பிசிஐ தரமே 10 முறை வரை அனுமதிக்கிறது, ஆனால் பூட்டினால் குறைந்தது 30 நிமிடம் என்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு: பூட்டும் விதி இருக்கிறது என்று தெரிந்தால், வேண்டாதவர் ஒருவர் உங்கள் பயனர் பெயரில் வேண்டுமென்றே தவறாக அடித்து உங்களை வெளியே நிறுத்தலாம். ஈவன்_டினை_ரூட் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் ரூட்டுக்கும் அந்தக் கதிதான். அதைச் சேர்க்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

ஒருவரின் கணக்கைப் பூட்டினேன். ஆனாலும் அவர் உள்ளே வந்துவிட்டாரே?

தொலைவிலிருந்து நுழையும்போது கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் காட்டும் எஸ்எஸ்ஹெச் சாவி வைத்திருந்தால் வருவார். பாஸ்வேர்ட் கட்டளையின் சின்ன எல் ஆப்ஷன் செய்வதெல்லாம் ஹாஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போடுவதுதான். அதன்பின் எந்தக் கடவுச்சொல்லும் பொருந்தாது. ஆனால் சாவியோடு வருபவரிடம் கடவுச்சொல்லை யாரும் கேட்பதே இல்லையே. கதவின் பூட்டை மாற்றிவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்த கதை.

வேலையை விட்டுப் போனவர் என்றால் கணக்கையே காலாவதியாக்குங்கள். ‘யூசர்மாட்’ கட்டளையில் எக்ஸ்பயர்டேட் ஆப்ஷனுக்கு 1 கொடுத்தால், 1970 ஜனவரி 2ஆம் தேதியே கணக்கு முடிந்துவிட்டதாக ஆகும். பேம் இணைந்திருக்கும் வழக்கமான அமைப்பில் இந்தச் சோதனை சாவியோடு வருபவருக்கும் நடக்கும். 0 கொடுக்காதீர்கள்: அதைச் சில நிரல்கள் ‘முடிவே இல்லை’ என்று புரிந்துகொள்ளும், சில 1970 ஜனவரி 1 என்று புரிந்துகொள்ளும். அப்புறம், ஏற்கெனவே திறந்திருக்கும் அவருடைய அமர்வுகளை இது மூடாது. அவற்றைத் தனியாக நிறுத்த வேண்டும். சாவிக் கோப்பையும் எடுத்துவிடுங்கள்.

காப்புப்பிரதி எடுக்கும் கணக்கு, தரவுத்தளக் கணக்கு போன்றவற்றுக்கும் ஆயுள் விதி வைக்கலாமா?

வேண்டாம். நான் அறிந்த ஓர் இடத்தில் எல்லாக் கணக்குக்கும் ஒரே மாதிரி 90 நாள் வைத்தார்கள். 91ஆம் நாளிலிருந்து இரவு வேலைகள் ஓடவில்லை. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான், ஒவ்வொரு வேலையையும் தொடங்கும் முன் பேமிடம் ‘இந்தக் கணக்கு நல்ல நிலையில் இருக்கிறதா’ என்று கேட்கும். ஆயுள் முடிந்துவிட்டால் ‘புதிய கடவுச்சொல் தேவை’ என்று பதில் வரும். கிரானால் கடவுச்சொல் மாற்ற முடியாதே, அதனால் வேலையைக் கைவிட்டுவிட்டு லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். அந்த வரியை யாரும் படிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு கோப்பை மீட்க வேண்டி வந்தபோதுதான் காப்புப்பிரதியே இல்லை என்பது தெரிந்தது.

மனிதர் உட்கார்ந்து நுழையாத கணக்குக்குக் கடவுச்சொல்லே வேண்டாம். ஹாஷ் இடத்தில் நட்சத்திரக்குறியோ ஆச்சரியக்குறியோ இருக்கட்டும். சேஜில் பெரிய எம்முக்குக் கழித்தல் 1 கொடுத்தால் ஆயுள் சோதனை நீங்கிவிடும். ஹாஷ் புலத்தைக் காலியாக மட்டும் விட்டுவிடாதீர்கள். காலி என்றால் கடவுச்சொல் இல்லாமலேயே நுழையலாம் என்று பொருளாகிவிடக்கூடும்.

ஹாஷ் முறையை மாற்றினால் பழையவை தானாக மாறுமா?

மாறாது. ஹாஷிலிருந்து கடவுச்சொல்லைத் திரும்ப எடுக்க முடியாதபோது புதிய முறையில் எப்படி அரைப்பது? அவரவர் அடுத்த முறை மாற்றும்போதுதான் மாறும். எது எந்த முறை என்பதை ஹாஷின் தொடக்கத்தில் இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே பார்க்கலாம். 1 என்றால் எம்டி5, 5 என்றால் எஸ்ஹெச்ஏ-256, 6 என்றால் எஸ்ஹெச்ஏ-512, ஒய் என்றால் யெஸ்கிரிப்ட். டாலரே இல்லாமல் 13 எழுத்து மட்டும் இருந்தால் மிகப் பழைய டெஸ் முறை. அது கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்தை மட்டும்தான் பார்க்கும், மீதியைத் தூக்கி எறிந்துவிடும்.

டெபியன் 11, உபுண்டு 22.04 முதல் யெஸ்கிரிப்ட்தான் இயல்பு. அதை உடைக்க நேரம் மட்டுமல்லாமல் நிறைய நினைவகமும் வேண்டும். எஸ்ஹெச்ஏ-512 இன்னும் கைவிட வேண்டிய நிலைக்கு வரவில்லை. இயல்பான 5,000 சுற்றைக் கூட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. எம்டி5 இருந்தால் அந்தப் பயனரை நாளைக்கே மாற்றச் சொல்லுங்கள். எம்டி5ஐக் கடவுச்சொல் ஹாஷுக்குப் பயன்படுத்தும் இந்த முறையை எழுதிய பால்-ஹென்னிங் கேம்ப்பே 2012இல் இனி அது பாதுகாப்பானது அல்ல என்று அறிவித்துவிட்டார்.

எங்கள் பயனர்கள் எல்டாப் சர்வரில் இருக்கிறார்கள். சேஜ் கட்டளை ‘அப்படி ஒருவர் இல்லை’ என்கிறதே?

சேஜ் உள்ளூர் ஷேடோ கோப்பை மட்டும்தான் அறியும். பல கணினிகளின் பயனர்களை ஒரே இடத்தில் வைத்திருக்கும் எல்டாப், ஃப்ரீஐபிஏ, ஆக்டிவ் டைரக்டரி எதுவானாலும் விதி அந்த மையச் சர்வரில் இருக்கும். ஒவ்வொரு கணினியிலும் எழுதிப் பயனில்லை. ஓப்பன்எல்டாப்பில் பிபாலிசி என்ற மேலடுக்கு இதற்கென்றே இருக்கிறது. ஒருவர் உள்ளூரா, மையமா என்று சந்தேகம் வந்தால், பாஸ்வேர்ட் கோப்பில் அவர் வரி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லாமல் ‘கெட்என்ட்’ கட்டளைக்கு மட்டும் கிடைத்தால் மையத்திலிருந்து வருகிறார்.

பேம் கோப்பைத் திருத்தினேன். இப்போது யாராலும், என்னாலும்கூட, உள்ளே போக முடியவில்லை.

அடுத்த முறைக்காகச் சொல்கிறேன்: திருத்தும்போது ரூட்டாக இன்னொரு டெர்மினலைத் திறந்து வைத்துவிட்டுத் தொடுங்கள். புதிய ஜன்னலில் நுழைந்து பார்த்து, சரி என்று தெரிந்த பிறகுதான் அதை மூட வேண்டும். பேம் வரிகளைப் படித்து வைத்துக்கொள்ளாது. கோப்பைச் சேமித்த அடுத்த நொடியில் வருபவரே புதிய விதியைச் சந்திப்பார்.

வரிசையும் முக்கியம். கடவுச்சொல்லைச் சோதிக்கும் தொகுதி முதலிலும், எழுதி வைக்கும் யூனிக்ஸ் தொகுதி பின்னாலும் வர வேண்டும். மாறினால் சோதனை நடக்கும் முன்பே எழுதி முடித்துவிடும். ரெட்ஹாட் குடும்பத்தில் நேரடியாகத் திருத்தாமல் ஆத்செலக்ட் என்ற கருவி வழியாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் எழுதியது ஒருநாள் சொல்லாமல் அழிந்துபோகும். டெபியன், உபுண்டுவில் பேம்-ஆத்-அப்டேட்.

ஏஐஎக்ஸ், சோலாரிஸ், பிஎஸ்டி போன்ற மற்ற யூனிக்ஸ்களில் எப்படி?

கருத்து ஒன்றுதான், அளவைதான் படுத்தும். லினக்ஸ் நாளாக எண்ணும். ஏஐஎக்ஸும் சோலாரிஸும் வாரமாக எண்ணும். ஃப்ரீபிஎஸ்டியின் மாஸ்டர் பாஸ்வேர்ட் கோப்பு நொடியாக எண்ணும். லினக்ஸ் பழக்கத்தில் ஏஐஎக்ஸில் 90 என்று எழுதினால் ஒன்றேமுக்கால் வருடம் ஆகிவிடும். அங்கே 13 போட வேண்டும்.

ஏஐஎக்ஸில் விதிகள் செக்யூரிட்டி அடைவின் யூசர் கோப்பில் மேக்ஸ்ஏஜ், மின்லென், ஹிஸ்ட்சைஸ், லாகின்ரீட்ரைஸ் என்று இருக்கும். ‘டிஃபால்ட்’ பத்தியில் எழுதியது, தனக்கென்று சொந்தமாக மதிப்பு இல்லாத எல்லோருக்கும் உடனே பொருந்தும். லினக்ஸைப் போல நகலெடுக்கும் கதை இல்லை, இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஏஐஎக்ஸ்தான் பிடிக்கும். ஆனால் பழைய ஹாஷ் முறையில் விட்டுவைத்த ஏஐஎக்ஸ் கணினிகளில் அதே 8 எழுத்துச் சிக்கல் இருக்கும். 14 எழுத்துக் கடவுச்சொல் வைத்திருப்பதாகப் பெருமைப்பட்டவர், ஒருநாள் அவசரத்தில் கடைசியைத் தப்பாக அடித்தும் உள்ளே போனதைப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது. லாகின் சிஎஃப்ஜி கோப்பில் ஹாஷ் முறையை மாற்றி, எல்லோரையும் ஒருமுறை புதிதாக வைக்கச் சொல்ல வேண்டும்.

சோலாரிஸில் எட்சியின் கீழே டிஃபால்ட் அடைவில் பாஸ்வேர்ட் என்ற கோப்பு, அதில் மேக்ஸ்வீக்ஸ், பாஸ்லெங்த், ஹிஸ்டரி. ஃப்ரீபிஎஸ்டியில் லாகின் கான்ஃப் கோப்பில் வகுப்புவாரியாக எழுதி, முடிந்ததும் ‘கேப்_எம்கேடிபி’ ஓட்ட வேண்டும். அதை மறந்தால் எழுதியதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

புதிதாகச் சேர்பவருக்குத் தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்து, முதல் நுழைவிலேயே மாற்ற வைப்பது எப்படி?

சேஜில் சின்ன டி ஆப்ஷனுக்கு 0 கொடுங்கள். ‘கடைசியாக மாற்றிய நாள்’ பூச்சியமானால் அடுத்த நுழைவில் மாற்றியே ஆக வேண்டும். கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதி வைக்காதீர்கள். அந்த நொடியில், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ கட்டளையை அடிக்கும் எவருக்கும் தெரியும், உங்கள் ஷெல் வரலாற்றிலும் தங்கிவிடும். ‘சிஹெச்பாஸ்வேர்ட்’ கட்டளைக்கு உள்ளீடாகக் கொடுப்பது பாதுகாப்பானது.

சாவி மட்டும் வைத்து நுழைபவருக்கு இதைச் செய்துவிடாதீர்கள். அவரையும் மாற்றச் சொல்லி நிறுத்தும், பழைய கடவுச்சொல்லைக் கேட்கும். அவருக்கோ பழையது என்று ஒன்று இருந்ததே இல்லை.

ரூட் கடவுச்சொல்லே மறந்துவிட்டால்?

உங்கள் கணக்கிலிருந்தே ரூட் வேலைகளைச் செய்யவிடும் சூடோ இருந்தால் பாஸ்வேர்ட் கட்டளை போதும். இல்லையென்றால் கணினியின் முன்னால் போய் உட்கார வேண்டும். கணினியைத் துவக்கும் நிரலான கிரப்பின் பட்டியலில் இ விசையை அழுத்தி, கெர்னல் வரியின் கடைசியில் ‘இனிட்’ ஆக ‘பின்’ அடைவில் உள்ள ‘பாஷ்’ நிரலைக் கொடுத்துத் துவக்குங்கள். வேர் அடைவை எழுதக்கூடியதாக மறுபடி ஏற்றி, கடவுச்சொல்லை மாற்றுங்கள். கோப்புகளுக்குப் பாதுகாப்புக் குறிச்சீட்டு வைக்கும் எஸ்ஈலினக்ஸ் இயங்கும் கணினியானால் வேர் அடைவில் புள்ளியில் தொடங்கும் ஆட்டோரீலேபல் என்ற காலிக் கோப்பை உருவாக்கிவிட்டு மறுதுவக்கம் செய்யுங்கள். அதை விட்டுவிட்டால் ஷேடோ கோப்பின் குறிச்சீட்டு தப்பாகி, புதிய கடவுச்சொல்லும் வேலை செய்யாது.

இவ்வளவு எளிதா என்று தோன்றினால், ஆமாம், கணினியைத் தொட முடிந்த எவருக்கும் இவ்வளவு எளிதுதான். கிரப்புக்கு ஒரு கடவுச்சொல்லும் வட்டுக்குக் குறியாக்கமும் வைப்பது அதனால்தான்.